1905 அக்டோபர்: விட்டே முன்னால் இருந்த நான்கு வழிகள்

1905 அக்டோபர் நடுவில், ரஷ்யாவின் ஜார் இரண்டாம் நிக்கோலாஸைப் பார்க்கப் போனவர்கள் நீராவிப் படகில்தான் போனார்கள். தலைநகர் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து பீட்டர்ஹாஃப் அரண்மனை சுமார் 30 கிலோமீட்டர். ரயிலில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஆனால் ரயில் ஓடவில்லை. அக்டோபர் 7 வாக்கில் மாஸ்கோ–கசான் பாதையில் தொடங்கிய வேலைநிறுத்தம் பத்தே நாளில் பேரரசின் ஏறக்குறைய எல்லாத் தடங்களையும் நிறுத்திவிட்டது. அந்தப் படகில் போய்வந்தவர்களில் ரயிலைப் பற்றி மற்ற எல்லோரையும்விட அதிகம் தெரிந்தவர் முன்னாள் நிதி அமைச்சர் செர்கேய் யூலியேவிச் விட்டே. ஒரு மாதத்துக்கு முன்புதான் போர்ட்ஸ்மவுத்தில் ஜப்பானோடு சமாதானம் செய்துவிட்டுத் திரும்பியிருந்தார். (இங்கே தரும் ரஷ்யத் தேதிகள் அன்றைய பழைய நாட்காட்டிப்படி, நம் கணக்குக்கு 1900-களின் தேதிகளுக்கு 13 நாளும், அதற்கு முந்தைய நூற்றாண்டுத் தேதிகளுக்கு 12 நாளும் கூட்டிக்கொள்ள வேண்டும்.)

பாடப்புத்தகங்கள் இந்தக் கதையை இரண்டு வழிகளாகச் சொல்லும்: ஒன்று ராணுவ சர்வாதிகாரம், மற்றது அரசியலமைப்பு. விட்டே ஜாரிடம் அப்படித்தான் வைத்தார். ஜாரும் தன் தாய்க்கு எழுதிய கடிதத்தில் அப்படித்தான் எழுதினார். உண்மையில் மேஜையில் இருந்தவை நான்கு. முதல் இரண்டையும் தள்ளிவிடுவது கடினமில்லை. கடைசி இரண்டுக்கும் இடையில்தான் உண்மையான தேர்வு இருந்தது. அதை விட்டேயைத் தவிர யாரும் பொறுமையாக எடைபோடவில்லை. அவர் பேச்சும் எடுபடவில்லை. இந்தக் கட்டுரை அந்த எடையைத் திரும்பப் போட்டுப் பார்க்கிறது.

எடைபோட நான்கு கேள்விகள் போதும். படை இருக்கிறதா? அதை நகர்த்தப் பாதை இருக்கிறதா? பணம் எத்தனை மாதம் தாங்கும்? வாக்குறுதி யார் பெயரில் போகிறது?

இவர் எப்படிக் கணக்குப் போடுபவர்

விட்டே 1849-ல் திபிலிசியில் பிறந்தவர். ஒடெஸாவில் கணிதம் படித்து 1870-ல் பட்டம் பெற்று, ரயில்வேயில் சேர்ந்தார். 1875 டிசம்பரில் ஒடெஸாவுக்கு அருகே திலிகூல் கரையில், புதிதாகப் படைக்குச் சேர்ந்தவர்களை ஏற்றிவந்த ரயில் தடம்புரண்டது. பழுதுபார்க்கத் தண்டவாளத்தைக் கழற்றியவர்கள், வரும் வண்டியை நிறுத்துவதற்கான குறியை வைக்காமல் போய்விட்டிருந்தார்கள். விட்டே அந்த இடத்திலேயே இல்லை. ஆனாலும் போக்குவரத்துப் பொறுப்பில் இருந்ததால் 4 மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. 1877–78 துருக்கிப் போரில் படைகளை ஏற்றி அனுப்பியதில் அவர் காட்டிய திறமைக்காக அது 2 வாரமாகக் குறைந்தது. அந்தப் போரில் அவர் செய்த ஒரு ஏற்பாடு நினைவில் வைக்கத்தக்கது: ஓர் இன்ஜினுக்கு ஒரே ஓட்டுநர் குழு என்ற பழக்கத்தை விட்டு, இரண்டு குழுக்களை மாற்றி மாற்றி ஏற்றினார். ஆட்கள் தூங்கலாம், இன்ஜின் தூங்க வேண்டியதில்லை. இருக்கிற பொருளிலிருந்து கூடுதல் வேலை வாங்குவதுதான் அவருடைய முறை.

1888 அக்டோபர் 17 அன்று போர்க்கி என்ற இடத்தில் மூன்றாம் அலெக்சாண்டரின் அரச ரயில் கவிழ்ந்து 21 பேர் இறந்தார்கள். கனத்த அரச பெட்டிகளை இரண்டு இன்ஜின்கள் அந்தத் தடத்துக்குத் தகாத வேகத்தில் இழுத்தன. தென்மேற்கு ரயில்வேயை நடத்திவந்த விட்டே, இப்படி ஓட்டினால் வண்டி கவிழும் என்று முன்பே எச்சரித்திருந்தார். அந்த எச்சரிக்கைதான் அவரைத் தலைநகருக்குக் கொண்டுபோனது. 1889-ல் நிதி அமைச்சகத்தின் ரயில்வே துறைத் தலைவர், 1892 பிப்ரவரியில் போக்குவரத்து அமைச்சர், அதே ஆண்டு ஆகஸ்டில் நிதி அமைச்சர்.

அந்த நாற்காலியில் 11 ஆண்டுகள். சைபீரிய ரயில்பாதையை நீட்டினார், வோட்கா விற்பனையை அரசின் தனியுரிமை ஆக்கினார், ஜெர்மனியோடு வரிச்சண்டை போட்டு 1894-ல் 10 ஆண்டு ஒப்பந்தம் முடித்தார், 1896-ல் சீன ராஜதந்திரி லி ஹோங்சாங்கோடு பேசி மஞ்சூரியா வழியே பாதை போடும் உரிமை பெற்றார். 1897-ல் ரூபிளைத் தங்கத்தோடு கட்டினார். இந்தக் கடைசி வேலைக்கு அரசு மன்றத்தில் எதிர்ப்பு வலுத்ததும், மன்றத்தைச் சுற்றிக்கொண்டு நேராக ஜாரின் ஆணையாகவே வாங்கிவிட்டார். இது முக்கியம். ஜாரின் தனி அதிகாரம் எவ்வளவு வேகமாக வேலை செய்யும் என்பதை அனுபவித்து அறிந்தவர் விட்டே. 1899-ல் எழுதிய ஒரு நீண்ட குறிப்பில், தனியாட்சியும் தேர்ந்தெடுக்கப்பட்ட ஸெம்ஸ்துவோ என்ற உள்ளாட்சி மன்றங்களும் ஒன்றாக வாழ முடியாது என்று வாதாடியவரும் அவரே. 1905-ல் அவர் அரசியலமைப்பின் பக்கம் சாய்ந்தது நம்பிக்கையால் அல்ல, கணக்கால்.

முதல் வழி: ராணுவ சர்வாதிகாரம்

யார் சர்வாதிகாரி? ஜாரின் சிற்றப்பா முறையான கோமான் நிக்கோலாய் நிக்கோலாயெவிச். அவர் மறுத்தார். கைத்துப்பாக்கியைக் காட்டி, விட்டேயின் திட்டத்தை ஏற்காவிட்டால் இங்கேயே சுட்டுக்கொண்டு சாவேன் என்றார் என்று அரண்மனை வட்டாரத்தின் நினைவுக்குறிப்புகள் சொல்கின்றன. அந்தக் காட்சி அப்படியே நடந்ததோ இல்லையோ, அவர் பொறுப்பை ஏற்கவில்லை என்பது உறுதி. ஏன் ஏற்கவில்லை என்பதைப் படைக் கணக்கு சொல்லும்.

ஜப்பான் போருக்குப் போன படையில் சுமார் 10 லட்சம் பேர் சைபீரியாவின் பைக்கால் ஏரிக்குக் கிழக்கே இருந்தார்கள். மஞ்சூரியாவின் ஹார்பினிலிருந்து மாஸ்கோவுக்கு 7,000 கிலோமீட்டருக்கும் மேல், அதுவும் ஒற்றைத் தடம். தண்டவாளம் மீட்டருக்கு 24 கிலோ எடையே உள்ள மெல்லிய ரகம். கட்டும்போது செலவைக் குறைக்க எடுத்த முடிவு. 1904 செப்டம்பரில் ஏரியைச் சுற்றிப் பாதை திறக்கும்வரை பைக்காலில் பெட்டிகளைப் படகில் ஏற்றி இறக்கவேண்டியிருந்தது. அந்தப் பாதையில் போருக்குப் போன படையைத் திரும்பக் கொண்டுவர மாதக்கணக்கு ஆகும், எல்லாம் ஒழுங்காக ஓடினாலே. ஒழுங்காக ஓடவும் இல்லை. போர் முடிந்தபிறகும் வீட்டுக்கு அனுப்பவில்லையே என்று ரிசர்வ் வீரர்கள் கொதித்துப்போயிருந்தார்கள். அவர்களில் பலர் வழிநெடுக வேலைநிறுத்தக்காரர்கள் பக்கம் சேர்ந்தார்கள். 1906 ஜனவரி, பிப்ரவரியில் மேற்கிலிருந்து மெல்லர்-ஸகோமெல்ஸ்கியும் கிழக்கிலிருந்து ரென்னன்காம்ஃபும் தனித்தனி ரயில்களில் வந்து, ஸ்டேஷன் ஸ்டேஷனாக ஆட்களைச் சுட்டுக்கொன்றுதான் அந்தப் பாதையைத் திரும்பப் பிடித்தார்கள்.

மேற்கில் இருந்த படைகளை வைத்து அடக்கலாமே என்று கேட்கலாம். அங்கேதான் இந்த வழி முட்டி நிற்கிறது. வேலைநிறுத்தத்தை அடக்கப் படை வேண்டும், படையை நகர்த்த ரயில் வேண்டும், வேலைநிறுத்தத்தில் இருப்பதோ ரயில்தான். ராணுவத்தின் ரயில்வே பட்டாலியன்கள் சில தடங்களை ஓட்டிவிடும். பேரரசின் முழு வலையையும் ஓட்டாது. சிக்னல்காரர், சுவிட்சுக்காரர், பணிமனைத் தொழிலாளர், தந்தி ஊழியர் எல்லோரும் வெளியேறியபிறகு இன்ஜினில் ஒரு சிப்பாயை நிறுத்திப் பயனில்லை.

தலைநகரைக் காக்கும் பொறுப்பில் இருந்த திமீத்ரி டிரேப்போவ் கண்டிப்பானவர். வெற்று வேட்டு வைக்கவேண்டாம், தோட்டாவை மிச்சம்பிடிக்க வேண்டாம் என்று நகரச் சுவர்களில் ஒட்டவைத்தவர். ரத்தம் சிந்தாமல் ஒழுங்கைக் காக்க முடியுமா என்று அக்டோபர் 16-ல் ஜார் அவரைக் கேட்டார். உறுதி தர முடியாது என்றுதான் அவரிடமிருந்தும் பதில் வந்தது. அந்த வாயிலிருந்தே அந்தப் பதில் வந்தபிறகு முதல் வழி அக்டோபருக்கு மூடிவிட்டது.

அக்டோபருக்கு என்று அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. டிசம்பரில் இதே வழி திறந்தது. மாஸ்கோவில் ஆயுதக் கிளர்ச்சி வெடித்தபோது, பீட்டர்ஸ்பர்க்–மாஸ்கோ நிக்கோலாயெவ்ஸ்கி பாதை நிற்கவில்லை. டிசம்பர் 15-ல் செமியோனவ்ஸ்கி காவல் படைப்பிரிவு அதே பாதையில் மாஸ்கோவில் போய் இறங்கியது. சில நாளில் பீரங்கியால் கிளர்ச்சி அடங்கியது. அக்டோபரில் நின்றுபோன தடம், டிசம்பரில் படையை ஏற்றிச் சென்றது. நடுவில் மாறியது என்ன? படையின் எண்ணிக்கை பெரிதாக மாறவில்லை. வேலைநிறுத்தக்காரர்களை ஆதரித்துவந்த வழக்கறிஞர், பேராசிரியர், வியாபாரி, நிலக்காரர் வட்டம், அக்டோபர் 17-ல் ஜார் உரிமைகளை வாக்களித்த அறிவிப்புக்குப்பின் பிரிந்துபோயிருந்தது. படை தன் வேலையைச் செய்யுமுன் விட்டுக்கொடுப்பு தன் வேலையைச் செய்திருக்க வேண்டும். இரண்டில் ஒன்று என்று விட்டே ஜாரிடம் வைத்தவை, நடப்பில் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

இரண்டாம் வழி: ஒட்டுப்போடுவது

ஆகஸ்ட் 6 சட்டம் டூமா என்ற மக்கள் பிரதிநிதி மன்றம் ஒன்றை ஏற்கெனவே அறிவித்திருந்தது. ஆலோசனை சொல்லலாம், தடுக்க முடியாது, தொழிலாளருக்கு வாக்கில்லை. இதைக் கொஞ்சம் அகலப்படுத்திச் சமாளிக்கலாம் என்பது முன்னாள் உள்துறை அமைச்சர் கோரெமீகினும் பாரன் புட்பெர்கும் ஜாருக்காக எழுதிய மாற்று வரைவுகளுக்குப் பின்னிருந்த மனப்போக்கு. அக்டோபர் 16 நள்ளிரவில் அரண்மனை அமைச்சர் பிரெதெரிக்ஸ் அவற்றை எடுத்துக்கொண்டு விட்டே வீட்டுக்கே வந்தார். தன் அறிக்கையோடு ஒட்டாத எதையும் ஏற்று அரசு நடத்தமாட்டேன் என்று விட்டே திருப்பி அனுப்பினார்.

இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஆகஸ்டில் ஆலோசனை டூமா போதுமானதாக இருந்திருந்தால் அக்டோபர் வேலைநிறுத்தமே வந்திருக்காது. அதே ஆகஸ்ட் 27-ல் பல்கலைக்கழகங்களுக்குத் தன்னாட்சி கொடுத்ததால் போலீஸ் நுழையாத கூட்ட அரங்குகள் தொழிலாளருக்குக் கிடைத்தன. பேச இடம் கிடைத்தது, கேட்ட உரிமை கிடைக்கவில்லை. அந்த இடைவெளியில்தான் வேலைநிறுத்தம் வளர்ந்தது.

பணம்: எல்லா வழிகளுக்கும் பொதுவான கடிகாரம்

மூன்றாம், நான்காம் வழிகளுக்குப் போகுமுன் இதைப் பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் எதற்கும் எவ்வளவு நேரம் இருந்தது என்பதை இதுதான் தீர்மானித்தது.

1897-ல் விட்டே போட்ட விதி இது. அரசு வங்கி வெளியிடும் நோட்டுகளில் முதல் 60 கோடி ரூபிளுக்குப் பாதி தங்கம் இருக்கவேண்டும். அதற்குமேல் வெளியிடும் ஒவ்வொரு ரூபிளுக்கும் முழுத் தங்கம். அதாவது தங்கம் பின்னால் இல்லாத நோட்டு 30 கோடி ரூபிளைத் தாண்டக் கூடாது. நல்ல காலத்தில் இந்த விதி பாரிஸ் சந்தையில் ரஷ்யாவுக்கு நற்பெயர் வாங்கித் தந்தது. கெட்ட காலத்தில் அதே விதி கழுத்தைப் பிடித்தது. போர் 200 கோடி ரூபிளுக்குமேல் தின்றிருந்தது. ரயில் நின்றால் தானியம் ஒடெஸா துறைமுகத்துக்குப் போகாது, ஏற்றுமதித் தங்கம் வராது, சுங்க வருவாய் விழும். அரசின் வருவாயில் நான்கில் ஒரு பங்குக்குமேல் வோட்கா தனியுரிமையிலிருந்து வந்தது. அந்தப் புட்டிகளும் ரயிலில்தான் போகின்றன.

அந்த அக்டோபரிலேயே பாரிஸ், லண்டன் வங்கியாளர்கள் பெரிய கடன் பேசப் பீட்டர்ஸ்பர்க் வந்திருந்தார்கள். நகரம் இருளில் மூழ்கியதைக் கண்ணால் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடாமல் திரும்பினார்கள். டிசம்பர் 2-ல் தொழிலாளர் பிரதிநிதிகளின் மன்றமான பீட்டர்ஸ்பர்க் சோவியத் தன் நிதி அறிக்கையை வெளியிட்டது: வரி கட்டாதீர்கள், சம்பளத்தைத் தங்கமாகக் கேளுங்கள், சேமிப்பு வங்கியில் போட்டதை எடுங்கள். விட்டேயின் 30 கோடி விதியின் பலவீனத்தைச் சரியாகக் கண்டுபிடித்த அடி அது. சேமிப்பு வங்கிகளில் கூட்டம் நெருக்கியது; வங்கி தன் சட்ட எல்லைக்கு மிக அருகில் போய் நின்றது.

ஆகவே கையில் இருந்தது ஆண்டுக் கணக்கு நேரமல்ல, சில மாதங்கள். ஆனால் மணிக் கணக்கும் அல்ல. சில நாள் பொறுத்திருக்க முடியும். இந்த வேறுபாடு அடுத்து வருவதற்கு முக்கியம்.

மூன்றாவதும் நான்காவதும்: வாக்குறுதி யார் பெயரில்

மூன்றாம் வழி, விட்டே கேட்டது, இதுதான். சீர்திருத்தத் திட்டத்தைத் தன் பெயரில் ஓர் அறிக்கையாக எழுதித் தருகிறேன், ஜார் அதன் ஓரத்தில் ஒப்புதல் எழுதட்டும், அதை வெளியிடுவோம். ஜாரின் பெயரில் தனிச் சாசனம் வேண்டாம். நான்காம் வழி அந்தச் சாசனம். அக்டோபர் 15-ல் பீட்டர்ஹாஃபில் சாசனமே வேண்டும் என்று ஜார் நின்றார். வேறு வழியின்றி, அலெக்சேய் ஒபலென்ஸ்கி எழுதித் திருத்திய வரைவு விட்டேயின் கையிலிருந்து போனது. 17-ம் தேதி மாலை ஜார் கையெழுத்திட்டார். அது போர்க்கி விபத்து நடந்த அதே தேதி, 17 ஆண்டு கழித்து.

சாசனத்தின் நடுப்பகுதி மூன்றே புள்ளிகள். குடிமக்களுக்கு அசையாத உரிமை அடித்தளங்களை வழங்குவது: உடல் பாதுகாப்பு, மனச்சாட்சி, பேச்சு, கூட்டம், சங்கம். இதுவரை வாக்கே இல்லாத வகுப்புகளையும் இயன்றவரை டூமாத் தேர்தலில் சேர்ப்பது. டூமாவின் ஒப்புதல் இல்லாமல் எந்தச் சட்டமும் செல்லாது என்பதை அசையாத விதியாக்குவது. 'அரசியலமைப்பு' என்ற சொல் எங்கும் இல்லை. முதல் புள்ளி தொடங்குவது 'வழங்குவது' என்ற வினையோடு. உரிமை மக்களுடையது என்று அது சொல்லவில்லை. அரசர் தருகிறார் என்று சொல்கிறது. தருபவர் அரசர் என்றால், திரும்பவும் எடுக்கலாம் என்று அரண்மனையில் ஒரு சாரார் படித்தார்கள். அசையாதது என்று எழுதியிருக்கிறதே, இனி எடுக்கவே முடியாது என்று தெருவில் படித்தார்கள். ஒரே வாக்கியத்தை இரண்டு தரப்பும் தத்தம் விருப்பப்படி படிக்க இடம் இருந்தது.

அறிக்கை வழியின் பலம் இங்கேதான். அமைச்சரின் திட்டத்தில் பிழை இருந்தால் திருத்தலாம்; அவர் தோற்றால் அவரை மாற்றலாம்; அடுத்தவர் வேறு திட்டத்தோடு வரலாம். அரசர் பெயரில் போன வாக்கைத் திருத்தினால் அது வாக்குமீறலாகிவிடும். மாற்றக்கூடிய ஆள் நடுவில் இல்லை. அதோடு, சிறிய வாக்கு போதவில்லை என்றால் பெரிய வாக்கைப் பிறகு கொடுக்கலாம். பெரியதை முதலில் கொடுத்துவிட்டால் கையில் வேறு எதுவும் மிச்சமில்லை.

சாசன வழிக்கும் நியாயம் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. அமைச்சரின் காகிதத்தை யார் நம்புவார்கள்? பிப்ரவரியிலிருந்து வாக்குறுதி மேல் வாக்குறுதியாகக் கேட்டுச் சலித்த மக்கள் அது. விட்டேயை ஜார் எந்த நாளும் வீட்டுக்கு அனுப்பலாம் என்று எல்லோருக்கும் தெரியும். 1903 ஆகஸ்டில் நிதி அமைச்சகத்திலிருந்து அப்படித்தான் அனுப்பினார். வேலைநிறுத்தத்தை நிறுத்தும் வலு அரசரின் கையெழுத்துக்கு மட்டுமே இருந்தது என்று சொல்பவர்கள் தேதிகளையும் காட்டலாம்: சாசனம் 17-ல், பீட்டர்ஸ்பர்க் சோவியத் வேலைநிறுத்தத்தை முடித்துக்கொண்டது 21-ல். சீர்திருத்தத்தின் பெருமை தனக்கு வரவேண்டும், விட்டேவுக்கு அல்ல என்ற எண்ணமும் ஜாருக்கு இருந்திருக்கும் என்று விட்டே சந்தேகித்தார். அது இருந்திருந்தாலும் அரசர் நேராக மக்களிடம் பேசவேண்டும் என்பது அந்த நாட்டின் பழைய நம்பிக்கை; அதை வெறும் பொறாமை என்று தள்ள முடியாது.

ஆனால் பெயர் ஒரு பக்கம். ஆயத்தம் இன்னொரு பக்கம். இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் சாசன வழி எங்கே இடறியது என்று தெரிகிறது. மாகாண கவர்னர்களுக்கு முன்னறிவிப்பு இல்லை. செய்தி தந்தியில் வந்தது. உண்மையா, புரளியா என்று தெரியாமல் பலர் தவித்தார்கள். இனி ஊர்வலத்தை அனுமதிப்பதா, கலைப்பதா? செங்கொடி பிடித்தால் கைது செய்வதா? எந்தச் சட்டப் பிரிவு இன்னும் உயிரோடு இருக்கிறது? பதில் சொல்லும் ஒரு காகிதமும் அவர்கள் மேஜையில் இல்லை. அரசியல் கைதிகளுக்கான மன்னிப்பு 4 நாள் கழித்து, 21-ல் வந்தது. பத்திரிகைக்கான தற்காலிக விதிகள் நவம்பர் 24-ல். கூட்டங்களுக்கும் சங்கங்களுக்குமான விதிகள் 1906 மார்ச் 4-ல். உரிமை அக்டோபரில் அறிவிக்கப்பட்டு, அதை எப்படிப் பயன்படுத்துவது என்ற விதி நாலரை மாதம் கழித்து வந்திருக்கிறது. இடையில் தலைநகரின் அச்சுத் தொழிலாளர்கள் தாங்களே தணிக்கையை ரத்து செய்தார்கள்: தணிக்கைக்கு அனுப்பும் பத்திரிகையை அச்சடிக்க மாட்டோம் என்றார்கள், அதோடு முடிந்தது.

மற்ற ஊர்களில் அந்த வெற்றிடம் இவ்வளவு சாதுவாக நிரம்பவில்லை. 18-ம் தேதி முதலே செங்கொடி ஊர்வலமும் ஜார் படம் தாங்கிய ஊர்வலமும் தெருக்களில் மோதின. நூற்றுக்கணக்கான ஊர்களில் யூதர்களின் வீடுகளும் கடைகளும் சூறையாடப்பட்டன. ஒடெஸாவில் மட்டும் 400-க்கு மேற்பட்ட யூதர்கள் கொல்லப்பட்டார்கள். பல இடங்களில் போலீஸ் கையைக் கட்டிக்கொண்டு நின்றது, சில இடங்களில் கூடவே சேர்ந்தது. யூத வெறுப்பு அன்று பிறந்ததல்ல. அதன் பழி சாசனத்தின் சொற்களைச் சேராது. ஆனால் ஒழுங்குக்குப் பொறுப்பானவர்களுக்கு என்ன செய்வது என்ற ஆணையே இல்லாமல் ஒரு பேரரசின் சட்டத்தை ஒரே மாலையில் மாற்றியதன் விலையில் அந்த உயிர்களும் அடங்கும். திலிகூலில் தண்டவாளத்தைக் கழற்றியவர்கள் குறி வைக்க மறந்ததற்காகத் தண்டனை பெற்றவர் விட்டே. 1905-ல் அதே பிழை பேரரசு முழுவதற்கும் நடந்தது, அதுவும் அவர் பொறுப்பில்.

அறிக்கை வழி இதைத் தடுத்திருக்குமா? தானாகத் தடுத்திருக்காது. விட்டேயின் அறிக்கையோடும் விதிகள் தயாராக இல்லை. அவர் அக்டோபர் 9-ல் முதல் குறிப்பைக் கொடுத்து 17-ல் கையெழுத்து வாங்கினார், இடையில் 8 நாள். அந்த 8 நாளில் எழுதப்பட்டவை எல்லாம் மேலிடத்துக்கான வரைவுகள்; கவர்னர்களுக்கான சுற்றறிக்கை ஒன்றுகூட இல்லை. மன்னிப்பு ஆணை, பத்திரிகை விதி, கூட்ட விதி, கவர்னர்களுக்கு ஒரு பக்க உத்தரவு ஆகிய நான்கையும் தற்காலிக வடிவில் முதலில் எழுதி, அறிக்கையோடு ஒரே நாளில் வெளியிட்டிருக்கலாம். ரயில் நின்றிருந்தாலும் அரசாங்கத் தந்தி ஒரேயடியாகச் சாகவில்லை. சாசனமே அதில்தான் போனது. எங்கள் கணிப்பில் நான்கு வழிகளிலும் சிறந்தது இதுதான்: அமைச்சர் பெயரில் அறிக்கை, தயாரான விதிகள், அரசரின் சாசனம் கையிருப்பில். இதற்கு இன்னும் ஒரு வாரம் பிடித்திருக்கும். கஜானா அந்த ஒரு வாரத்தைத் தாங்கியிருக்கும்.

தாங்கியிருக்காதது ஜாரின் நரம்பாக இருக்கலாம். அதைக் கணக்கில் சேர்த்தால், விட்டே சாசனத்துக்கு இணங்கியது அன்றைக்குக் கிடைக்கக்கூடியதை எடுத்துக்கொண்டதே. போர்ட்ஸ்மவுத்திலும் அதையேதான் செய்தார். ஜப்பான் கேட்டது சகாலின் தீவு முழுவதும் போர்ச் செலவுக்கு இழப்பீடும். ஓர் அங்குலமும் கொடுக்காதே, ஒரு ரூபிளும் கொடுக்காதே என்பது ஜாரின் கட்டளை. முடிவில் 50-வது அட்சரேகைக்குத் தெற்கே பாதித் தீவு போனது, இழப்பீடு ஒரு காசும் போகவில்லை. கவுன்ட் பட்டம் கிடைத்தது. எதிரிகள் 'அரைச் சகாலின் கவுன்ட்' என்று பெயர் வைத்தார்கள். அங்கே மேஜைக்கு எதிர்ப்புறம் ஜப்பானின் பிரதிநிதி கொமூரா உட்கார்ந்திருந்தார். என்ன கேட்கிறார் என்று தெரியும். அக்டோபரில் எதிர்ப்புறத்தில் யார் என்பதே தெரியவில்லை.

கையெழுத்துக்குப் பிறகு

19-ம் தேதி அமைச்சரவை என்ற அமைப்பு ரஷ்யாவில் முதன்முறையாக உண்மையில் உருவானது. விட்டே அதன் தலைவர். ஷீபவ், குச்கோவ் போன்ற பொதுவாழ்வுப் பெயர்களை உள்ளே இழுக்கப் பார்த்தார். உள்துறைக்குப் பியோத்ர் துர்னவோ என்ற பழைய போலீஸ் நிர்வாகியை அவர் விடமறுத்ததில் பேச்சு முறிந்தது. வெறும் அதிகாரிகளின் அமைச்சரவை மிஞ்சியது. நவம்பர் 3-ல் விவசாயிகளின் நில மீட்புக் கட்டணத்தை 1906-க்குப் பாதியாக்கி, 1907 முதல் முழுவதும் ரத்து செய்தார்கள். நான்கு வழிகளில் எதிலும் இல்லாத இந்த நடவடிக்கைதான், நம் பார்வையில், அந்த ஆறு மாதத்தில் கிராமத்தை நேரடியாகத் தொட்டது. டிசம்பர் 11-ல் தேர்தல் சட்டம் வந்தது. விவசாயி ஜார் பக்கம் நிற்பான் என்று நம்பி அவனுக்கு நிறைய இடம் கொடுத்திருந்தார்கள். விவசாயி நிலத்தைக் கேட்பவர்களுக்கு வாக்களித்தான்.

1906 ஏப்ரலில் 225 கோடி பிராங்க் கடன் முடிந்தது, அதில் 120 கோடி பிரான்சிலிருந்து. கடன் வந்த சில வாரத்திலேயே, டூமா கூடுமுன், விட்டே வெளியேறினார். ஏப்ரல் 23-ல் வந்த அடிப்படைச் சட்டத்தில் ஜாரின் அதிகாரத்துக்கு முன்னிருந்த 'வரம்பற்ற' என்ற சொல் போயிருந்தது, 'தனியாட்சி' என்ற சொல் இருந்தது. முதல் டூமா ஜூலையில் கலைக்கப்பட்டது. 1907 ஜூன் 3-ல் தேர்தல் சட்டமே டூமாவின் ஒப்புதல் இல்லாமல் மாற்றப்பட்டது. சாசனத்தின் மூன்றாம் புள்ளியை உடைத்தது அந்தச் சாசனத்தில் கையெழுத்திட்ட அதே கை.

விட்டேயின் அறிக்கை வீணாகவில்லை, அச்சில் வந்தது. சாசனத்தோடு சேர்த்தே அரசிதழில் வெளியிட்டார்கள். அதன்மேல் ஜார், 'வழிகாட்டியாகக் கொள்க' என்று எழுதியிருந்தார். 13.5 கோடிப் பலவகை மக்களையும், வேறு முறையில் வளர்ந்த இவ்வளவு பெரிய நிர்வாகத்தையும் ஒரே நாளில் சட்டத்தின் ஆட்சிக்குத் தயார்செய்வது எந்த அரசாலும் ஆகாது என்று அந்த அறிக்கை நேராகவே சொல்கிறது. மக்கள் பழகப் பழகத்தான் அந்த ஒழுங்கு உருவாகும் என்றும் சொல்கிறது. அக்டோபர் 18 காலையில் தெருவில் சத்தமாகப் படித்துக் காட்டியது சாசனத்தை. இந்த வரிகள் இருந்த காகிதத்தை அல்ல.